ஹாரன் அடித்த விஷயமாக மாமாவுக்கு மருமகன் எழுதும் விளக்கம்

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
1934, ஆவணி மாதம், வியாழக்கிழமை.

மகாகனம் பொருந்திய மாமா சபாபதி அவர்கள் திருச்சமுகத்துக்கு, மருமகன் அய்யாவு கிள்ளான் திசை பார்த்து விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சௌக்கியம், மோட்டார் சைக்கிளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், நல்லம்மாள் அத்தையும், என் சம்சாரம் பவுனம்மாளும், மளிகைக்கடை வியாபாரமும் சௌக்கியமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலை விட்டுக் கிளம்பியதும் குடிகாரப்பயல் போலத் தெரு நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு போனீர். கள்ளுக்கடையை மூட மனுப்போட்ட சங்கத்துக்குத் தலைவன் நான். என் மருமகன் டூல் பாக்ஸில் என்ன புட்டி வைத்திருந்தான் என்று தெருவே கேட்கிறது. தக்க விளக்கம் வரும்வரை பவுனம்மாள் அங்கே வரமாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, அந்தப் புட்டியில் இருந்தது பாட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். சந்தேகமிருந்தால் முகர்ந்து பார்க்கலாம், ஆனால் தயவுசெய்து குடித்துப் பார்க்க வேண்டாம். மற்றபடி நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வைகாசி மாதம் நானும் பவுனம்மாளும் தங்கள் வீட்டுக்கு வரும்போது, மழையில் என் கார்பைட் விளக்கு புஸ்ஸென்று அணைந்து, வண்டி சைடுகாரோடு ரோட்டோர லோங்காங் சாக்கடையில் இறங்கியது தங்களுக்குத் தெரியும். அவளுடைய அரக்குப் பட்டுப்புடவையிலிருந்து சேற்றை எடுக்க அத்தை பட்ட பாடும் தெரியும். "ஒழுங்கா எரியிற விளக்கு இல்லாம என் பொண்ணு இனிமே அந்த வண்டியில ஏறமாட்டா" என்று தாங்கள் சொன்னீர்கள். நானும் தலையாட்டிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த எலெக்ட்ரிக் விளக்கு வேலை. டவுனில் ஒரு சீனர் கடையில் முன்விளக்கு, பின்விளக்கு, பாட்டரி, ஹாரன் எல்லாம் வாங்கினேன். பொருத்தித் தருகிறேன் என்று முன்வந்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர். கரண்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் பொருத்தியபோது ஹாரனை அமுக்கினால் பின்விளக்கு எரிந்தது, முன்விளக்கைப் போட்டால் ஹாரன் கத்தியது. "ஐசே, எல்லாம் வேலை செய்யுது, ஆள்தான் மாறி நிக்குது" என்று சிரித்தபடியே அவர் வயர்களை மாற்ற, கடைசியில் எல்லாம் அததன் இடத்துக்கு வந்து, போன ஞாயிறு தங்களுக்குக் காட்டக் கிளம்பி வந்தேன்.

அன்றைக்கு நடந்த பரீட்சை நினைவிருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் தாங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, என் முன்விளக்கு வெளிச்சத்தில் பேப்பரை விரித்துத் தலையங்கம் முழுவதையும் உரக்கப் படித்தீர்கள். "வெளிச்சம் பரவாயில்ல" என்று தங்கள் வாயால் வந்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் ஹேண்டில்பாரில் கட்டி, "பத்திரமா ஊடு போய்ச் சேரு. வர்ற வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்றீர்கள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் வண்டியை எடுத்தேன்.

தங்கள் தெருவில் முனிசிபாலிட்டிக்காரர்கள் இன்னும் மூடாத பள்ளங்கள் இருக்கின்றனவே, அதில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் ஹாரன் அடித்தது. நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. இரண்டாவது பள்ளத்தில் மறுபடி. அப்புறம் பள்ளத்துக்குப் பள்ளம் அது பாட்டுக்குக் கத்த, ஜன்னல் ஜன்னலாய்த் தலைகள் வெளியே வர, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போறேன். பெரிய ரோட்டுக்கு ஏறினதும் கப்சிப். அப்பாடா என்று இருந்தால், ஒரு கம்பத்துக் கிராமத்துக்குப் பக்கத்தில் மலாய்க்காரப் பெரியவர் ஒருத்தர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிரே வந்தார். எனக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கினவர் முகத்துக்கு நேரே, வண்டி ஏதோ கல்லில் ஏறி இறங்க, மூணு தடவை அடிச்சுத் தொலைச்சது. அவர், "சபார்லா துவான், சபார்!" என்று எனக்குப் பொறுமை சொன்னபடி சைக்கிளோடு புல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் முனையில் சீக்கியப் போலீஸ்காரர் மறித்தார். ஏன் இந்த அமர்க்களம் என்று கேட்டார். அது தானாக அடிக்கிறது ஐயா என்றேன். என்னைப் பார்த்தால் முட்டாளாகத் தெரிகிறதா என்று வண்டியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். அவர் காதருகிலேயே அது ஒரு போடு போட்டது. மனுஷர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இதைக் கோயிலுக்குக் கொண்டுபோ என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கும் அதே யோசனைதான். ஆனால் வீரசிங்கம் விடவில்லை. "உது பேயுமில்லை, பிசாசுமில்லை. எங்கையோ வயர் முட்டுது" என்று மறுநாள் ஆபீஸ் விட்டதும் எல்லாவற்றையும் கழற்றினார். இடைஞ்சலாக இருந்த எலுமிச்சம்பழத்தை நான்தான் பயபக்தியோடு எடுத்து ஜன்னலில் வைத்தேன். வண்டியை ஆட்டினால் சத்தமில்லை. சரியாகிவிட்டது என்று பழத்தை முன்பிருந்தபடியே மாட்டினேன். ஆட்டினால் அலறுகிறது. எடுத்தால் அமைதி, மாட்டினால் அலறல். எனக்கு மயிர்க்கூச்செறிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீரசிங்கமோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஐசே, இந்தப் பழத்தை ஆர் கம்பியாலை கட்டினது?" என்றார்.

மாமா, நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கட்டும்போது நூல் அறுந்துபோனதும், "நூலெல்லாம் எதுக்கு, ஒன்கிட்ட மிச்சக் கம்பி இருக்கா?" என்று ஒருவர் கேட்டதும், நான் டூல் பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் வாஸ்தவம். கட்டியவர்கள் மிகுந்த அக்கறையோடு கட்டியிருந்தார்கள், முடிச்சை அவிழ்க்கக் குறடு தேவைப்பட்டது. அந்தக் கம்பியின் ஒரு நுனியை ஹாரன் வயர் வந்து சேர்கிற திருகாணியில் சுற்றியிருந்தது. மறுநுனி மிளகாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் பழம் ஆடும்போதெல்லாம் அந்த நுனி ஹேண்டில்பாரில் முட்டி, விரல் வைத்து அமுக்கியது போலவே ஹாரன் அடித்திருக்கிறது. ஆகவே அன்று அடித்தது நானும் அல்ல, கள்ளும் அல்ல. எலுமிச்சம்பழம். கட்டியவர்கள் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, அந்தக் கைகள் நூறாண்டு வாழவேண்டும். இப்போது நூலால் கட்டியிருக்கிறேன், வண்டி பரமசாது.

நாளை சாயங்காலம் வருகிறேன். பெரிய ரோட்டில் திரும்பும்போதே வெளிச்சம் தங்கள் வாசலில் விழும். அவளை அனுப்பி வையுங்கள் மாமா. பொங்கினால் சோறு ஒருநாள் குழைகிறது, ஒருநாள் கருகுகிறது, அதுகூடப் பெரிசில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் பேசுவதற்கு இந்த மோட்டார் சைக்கிளைத் தவிர வீட்டில் யாருமில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் சங்கம் செழித்து, கள்ளுக்கடை ஒழிய வேண்டும்.

தங்கள் ஆசீர்வாதத்தையும் அனுமதியையும் எதிர்பார்க்கும்,
அய்யாவு

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டி, கவரை மூடப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. இறங்கினது பவுனம்மாள். கையில் தகரப்பெட்டி. தாங்கள் கடைக்குப் போனதும் அத்தை ரயிலேற்றி விட்டார்களாம், ஆகையால் தேடவேண்டாம், அத்தையைக் கோபிக்கவும் வேண்டாம். "வெள்ளிக்கிழமை நானே வரமாட்டேனா, ஏன் அவசரம்?" என்று கேட்டேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பேசாம இருங்க. ஞாயித்துக்கிழமை என்னை விட்டுப் போக மனசில்லாம, தெருக்கோடி வரைக்கும் ஹாரன் அடிச்சு அடிச்சுக் கூப்பிட்டுக்கிட்டே போனீங்களே. அப்பா திட்டிக்கிட்டு நின்னாரு. நான் கதவைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அதுக்கப்புறம் எப்படி அங்க இருக்கிறதாம்?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். இப்போது ரசம் தாளிக்கிற வாசனை வருகிறது. இந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதப் பொறுமையில்லை. ஆதலால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள், அத்தையிடம்கூட மூச்சுவிட வேண்டாம். வீரசிங்கத்திடம் சொல்லிவிட்டேன், அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டார். தெருக்காரர்கள் கேட்டால் மருமகன் குடித்திருந்தான் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. எலுமிச்சம்பழம் ஒரு பாவமும் அறியாது. அன்றைக்கு ஹாரன் அடித்தது நான்தான், மாமா. ஒவ்வொரு தடவையும் நானேதான் அடித்தேன்.