அத்தான், ஒரே ஒரு கடிதம்தான் கிடைத்தது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

காலமெல்லாம் கரணை பிடித்துச் சுவர் கட்டிய கையால் இப்போது பேனா பிடித்து, உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அக்காவின் கண் எப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை. இதை எழுதுவது நானேதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் எழுத்தைப் பாருங்கள், இவ்வளவு கோணலாக எழுத இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். மாலை வகுப்பு டீச்சரம்மா சொல்லியிருக்கிறார், யோசித்துவிட்டு எழுதணும், எழுதிய பிறகு அடிக்கக் கூடாது என்று. அதனால் இந்தக் கடிதத்தில் அடித்தல் இருக்காது. வைத்த செங்கல் வைத்ததுதான்.

முதலில் முக்கியமான விஷயம். உங்களிடமிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம்தான் கிடைத்தது. "அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாள் குறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி உன் வீட்டுக்குப் பக்கம்தானே, அவளை அங்கே அனுப்புகிறேன், பழசை மறந்துவிடுவோம்" என்று எழுதியிருந்தீர்களே, அது. நான் புதிதாகப் படிக்கிறவன் என்று யோசித்து ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் நகம் பெரிசுக்குப் போட்டிருந்தீர்கள். உங்கள் மனசும் அவ்வளவு பெரிசு என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போச்சே. ஒரு காலைப் பொழுது முழுக்க அதைப் படித்தேன். "சாப்பிட்டுட்டுப் படிங்களேன், எழுத்து எந்திரிச்சு ஓடியா போகுது?" என்றாள் வீட்டுக்காரி. "கோவிச்சுக்கிட்டுப் போன அத்தான் இப்பத்தான் திரும்பி வந்திருக்காரு, சும்மா இருடி" என்றேன். அந்தக் கடிதத்துக்கு என் மனமார்ந்த நன்றி. இரண்டாவதாக எந்தக் கடிதமும் வரவில்லை. ரிஜிஸ்டர் தபாலில்கூட வரவில்லை. நீங்கள் கேட்காமலே இதை ஏன் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். சும்மா ஒரு தகவலுக்கு.

நம் சண்டையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடு. உங்கள் ஏணியை நான் இரவல் வாங்கினேன். ஏணிக்கு ஒரு படி குறைகிறது என்றீர்கள். வாங்கும்போதே குறைந்துதான் இருந்தது என்றேன். முழு ஏணியாகத் தந்தால்தான் வாங்குவேன் என்றீர்கள், அது என் வீட்டிலேயே தங்கிவிட்டது. நீங்கள் முறைத்தீர்கள், நான் நடுச்சுவரில் ஒரு வரிசை செங்கல் ஏற்றினேன். நீங்கள் அதன்மேல் ஒரு வரிசை ஏற்றினீர்கள். கொத்தனார் வீட்டுச் சுவரில் அடுத்தவன் கைவரிசை கடைசி வரிசையா என்று நான் இன்னொன்று ஏற்றினேன். நீங்கள் அதன்மேலும் ஏற்றினீர்கள். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் வெயில் இல்லை, காற்று இல்லை, காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம். நீங்கள் ஒரு நாய் வாங்கினீர்கள். நான் அதைவிடப் பெரிய நாய் வாங்கினேன். அவை இரண்டும் சுவருக்கு அடியில் குழி தோண்டிச் சிநேகமாகிவிட்டன. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டீர்கள், அக்காவும் போய்விட்டாள். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இல்லை.

இப்போது எங்கள் மாடியில் இரண்டு பெண் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். வல்லரசுகள் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்ட காலத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். ஒருத்தி எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பாள், வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்னொருத்தி ஒல்லியாக, உயரமாக இருப்பாள், அவள் ஒட்டடைக்குச்சி. எனக்குப் படிக்க வந்த நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன் அல்லவா, மருந்து பாட்டில், பஸ் போர்டு, பொட்டலம் கட்டின காகிதம் எதையும் விடுவதில்லை. ஒரு நாள் அவர்கள் காலேஜுக்குப் போயிருந்தபோது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனேன். அவர்கள் அறைச் சுவர் பூராவும் காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஏவுகணைகள் தயார். போர்க் கப்பல்கள் நெருங்குகின்றன. இன்று இரவுக்குள் போர் மூளலாம்."

அத்தான், கீழே ஓடி வந்து இருக்கிற குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். எதிர்க்கடைத் தையல்காரரிடம் சொன்னேன், அவர் யாருடைய கால்சட்டையையோ ஒரு காலோடு நிறுத்திவிட்டு ஷட்டரை இறக்கினார். மளிகைக் கடையில் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு என் உயிர் பெரிசாகத் தெரியவில்லை. அக்கா கண்ணில் புரையோடேயே போய்விடுவாளே, கடைசியாக யார் முகத்தையும் தெளிவாகப் பார்க்காமலே போய்விடுவாளே என்றுதான் அடித்துக்கொண்டது. சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். "தாத்தா, அது அறுபது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது" என்றாள் வக்கீல். "அப்ப எதுக்கு இன்று இரவுன்னு போட்டிருக்கு?" "அன்னைக்கு வந்த பேப்பர் தாத்தா!" எனக்கு எப்படித் தெரியும்? பழைய சங்கதியைப் பேசுகிறவனுக்குத் தலை நரைத்திருக்கும், பார்த்தாலே தெரியும். எழுத்து நரைப்பதில்லையே. தையல்காரர்தான் மனசு நோகும்படி பேசிவிட்டார். "அண்ணே, நீங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்தவரைக்கும் இந்தத் தெரு நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் முழுக் கதையும் சொன்னார்கள். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் முறைப்பு. நடுவில் கியூபா என்று ஒரு தீவு. ரஷ்யா அங்கே ஏவுகணை கொண்டுபோய் வைத்துவிட்டது. நாளைக்கு உலகம் இருக்குமா என்று எல்லோரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில், ரஷ்யாவிலிருந்து அமெரிக்கத் தலைவருக்கு ஒரு கடிதம் வந்ததாம், தணிவாக. அடுத்த நாளே இன்னொன்று, விறைப்பாக. அவர் என்ன செய்தார் தெரியுமா? தணிவான முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் போட்டார். இரண்டாவது வந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. உலகம் பிழைத்தது. என்ன மூளை பாருங்கள்! இதை ஒரு சரித்திர ஆர்வத்தில்தான் எழுதுகிறேன். இதற்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

போன வாரம் அந்தப் பிள்ளைகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஆலோசனைக் கூட்டம் போட்டார்கள். வேறு ஏதோ ஒரு கொத்தனாருக்கு வேறு ஏதோ ஒரு அத்தானிடமிருந்து இரண்டாவதாக ஒரு கடிதம் வந்ததாக வைத்துக்கொண்டு பேசினார்கள். அதில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடிசு. அந்தக் கொத்தனார் பாவம், பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டித் திட்டு வாங்கினேன். "ஏணித் திருடன் வீட்டு வாசலை என் மனைவி மிதிக்க மாட்டாள். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முதலில் ஏணி வரட்டும்." இப்படி இருந்ததாம்.

"ஏணியைத் திருப்பிக் கொடுத்துடலாமே" என்றாள் ஒட்டடைக்குச்சி. "மிரட்டினதும் பணிஞ்சா அடுத்தது சுவரைக் கேப்பாங்க" என்றாள் வக்கீல். அந்தக் கொத்தனாரின் மனைவி அடுப்படியிலிருந்து, "ஏணி எங்கடி இருக்கு? அதை உடைச்சு வெந்நீர் போட்டாச்சே!" என்று கத்தினாள். வக்கீல் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஆள் எழுதின மாதிரி இல்லையே தாத்தா. அந்தக் காலத்துலயும் இப்படி ஒரு சந்தேகம் வந்துச்சு" என்றாள். கோபம் வந்தால் மனுஷனே சுருங்கிப் போகிறான், எழுத்து சுருங்காதா என்றேன். கடைசியில், முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் போடுவது என்று முடிவாயிற்று. "இந்த முடிவை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தாத்தா, சொன்னா காரியம் கெட்டுது" என்று இரண்டு பேரும் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். அதனால்தான் சொல்லாமல் விடுகிறேன்.

ஆனால் எனக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? நீங்கள் தபால் ஆபீசில் தலை நரைத்தவர். தலைவர்களிடம் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், ஒரு போஸ்ட்மாஸ்டரிடம் சொல்ல முடியுமா? அது அவர் குலத்தையே இழுத்துத் திட்டுகிற மாதிரி ஆகாதா?

இன்னொரு சங்கதி. வெளியே தெரியாமல் அமெரிக்காவும் ரஷ்யாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன் ஏவுகணையை எடுத்துக்கொண்டதாம். அதனால் நானும் வெளியே தெரியாமல் நடுச்சுவரை இறக்க ஆரம்பித்துவிட்டேன். என் வரிசையை எடுக்க வேண்டுமானால் அதன்மேல் இருக்கும் உங்கள் வரிசையை முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. இதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஆள் கலவையில் மணலைக் கொட்டியிருக்கிறான், தொட்டதும் வந்துவிட்டது. என்னுடையதுதான் வர மாட்டேன் என்கிறது. இடுப்பு வரைக்கும் இறக்கியாகிவிட்டது. கொல்லையில் வெயில் வருகிறது, துணி காய்கிறது.

அத்தான், அக்காவை அனுப்பிவையுங்கள். முன்னறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறோம். இந்த நாளை விட்டால் டாக்டர் மறுபடி எப்போது நாள் கொடுப்பாரோ, அதற்குள் புரை முற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் எழுதுவதை அவள் இன்னும் பார்க்கவில்லை. கண் தெரிகிறபோது பார்க்கட்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்களுக்கு உடம்பில் பலமும் மனசில் குளிர்ச்சியும் நிலைக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு. நாய்க்கும் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். பார்த்தால் அக்கா, கையில் பையோடு! "அத்தான் விட்டாராக்கா?" என்றேன். "அவரு எங்கடா விட்டாரு? மாத்திரை வாங்கக் கடைக்குப் போனாரு, நான் பஸ் ஏறிட்டேன்" என்றாள். அவளை உட்காரவைத்து இந்தக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். விளக்குப் போடும் நேரமாகிவிட்டது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, அந்த முதல் கடுதாசி அவரு எழுதினது இல்லடா. அவரு பேருல நான் எழுதினது. கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு பெருசு பெருசா எழுதினேன். அப்புறம் உன் வீட்டுக்கு அனுப்புங்கன்னு நச்சரிச்சேன், அந்தக் கோவத்துல அவரு எழுதினதுதான் ரெண்டாவது" என்றாள்.

ஆகவே அத்தான், நீங்கள் எழுதாத கடிதம் கிடைத்தது என்று நன்றி சொல்லியிருக்கிறேன், நீங்கள் எழுதிய கடிதம் கிடைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு, "சரித்திரத்துல இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல தாத்தா" என்கிறாள். அடிக்கவும் கூடாது, திரும்ப எழுத இன்னொரு வாரம் ஆகும், அப்படியே அனுப்புகிறேன். அக்கா ஒன்று எழுதச் சொல்கிறாள். கண் கட்டை அவிழ்க்கும்போது எதிரே நீங்கள் நிற்க வேண்டுமாம், யார் ஜெயித்தது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். சுவரை இனித் தாண்டியே வரலாம், ஏணி தேவைப்படாது.

கடைசியாக ஒன்று. அந்த ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகைச் சீட்டு இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். தபால்காரர் வழக்கம்போல விரலைத் தோய்க்க மைப் பெட்டியை நீட்டினார். நான் பேனா கேட்டேன். அதில் இருப்பது என் கையெழுத்துதான். நான் போட்ட முதல் கையெழுத்து. எப்படி இருக்கிறது என்று வரும்போது சொல்லுங்கள்.