கிர்ஸ்டன் திருத்திய மூன்றாவது பந்தி

எங்கள் குடும்பத்தில் சீனி வியாதி அப்பா வழியில் வந்தது. சந்தேகமும் அந்த வழியில்தான் வந்தது. சீனிக்காவது குளிசை இருக்கிறது.

பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசி தன் தோட்டத்து அப்பிள்களை வாளியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தால், மற்றவர்களாக இருந்தால் நன்றி சொல்லி எடுத்துக் கழுவிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கூட்டம் கூடும். ஏன் தந்தவ? மரத்துக்கு ஏதும் மருந்தடிச்சவவோ? எங்கட கார் அவவின்ர பக்கம் நிக்குதெண்டு சொல்லாமல் சொல்லுறாவோ? தீர்ப்பு வருவதற்குள் அப்பிள் பாதி அழுகிவிடும்.

நான் இப்போது கோப்பன்ஹேகனில் மருத்துவமாதாக வேலை செய்கிறேன். பிறக்கும் குழந்தைகளைக்கூட முதல் பார்வையில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். (அவர்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள்.) இந்தப் படிப்புக்கு இடம் கேட்டுப் பத்தொன்பது வயதில் நான் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அப்போது நாங்கள் பிராண்டே என்ற சிறிய ஊரில் இருந்தோம். அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. இந்த நாட்டில் கல்லூரிக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவதில் புள்ளிகள் மட்டும்தான் பேசும். இரண்டாவதில் ஏன் இந்தப் படிப்பு, என்ன அனுபவம் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதம் பிடித்திருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். என் புள்ளிகள் முதல் வாசலுக்குக் கொஞ்சம் போதாமல் போயின.

"அப்ப ரெண்டாவது கோட்டாவிலதான் போடவேணும் அப்பா" என்றேன்.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"கோட்டாவோ?"

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவர். வேறு மாவட்டமாக இருந்திருந்தால் பொறியியல் பீடத்துக்குப் போயிருக்கக்கூடிய புள்ளிகள். மாவட்டக் கோட்டா குறுக்கே வந்து நின்றது. ஏன் உனக்கு இல்லை என்று யாரும் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. டென்மார்க்குக்கு வந்து வேலைக்கு விண்ணப்பம் விண்ணப்பமாக அனுப்பினார். அவற்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் ஒரு டெனிஷ் நண்பரைக் கொண்டு ஒரு கடிதத்தைத் திருத்துவித்து அனுப்பினார். மறு கிழமையே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: டெனிஷ்காரர் ஒருவர் வாசித்துத் திருத்தாத கடிதம் கடிதமே இல்லை. பல் வைத்தியருக்கு நாள் மாற்றித் தரச் சொல்லி எழுதிய மூன்று வரியைக்கூடத் தபால்காரரிடம் காட்டித் திருத்துவித்தவர் அப்பா.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று ரொறன்ரோவில் இருந்த பிரதீபன் அண்ணாவிடம் கேட்டேன். பெரியம்மாவின் மகன், எல்லாம் தெரிந்தவர்.

"உனக்கு நடந்த பாகுபாட்டை எழுது. அதுதான் எடுபடும். பாகுபாடு நடந்ததுதானே?"

"நடந்திருக்கும் அண்ணா" என்றேன்.

உடனே ஒரு கொப்பி வாங்கி ஆதாரம் சேர்க்கத் தொடங்கினேன். நூலகத்தில் என் அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்கள். (அட்டை காலாவதியாகி எட்டு மாதம்.) பள்ளியில் இரசாயன ஆசிரியர் என் கட்டுரையின் கீழ் "நன்று" என்றும் என்னோடு படித்த மெட்டவின் கட்டுரையின் கீழ் "மிக நன்று" என்றும் எழுதியிருந்தார். (மெட்டவினுடையதை நான் வாசித்திருக்கிறேன். மிக நன்றுதான்.) பஸ் சாரதி எனக்கு மட்டும் வணக்கம் சொல்லவில்லை. மூன்று கிழமை கவனித்தபோது அந்த மனுசன் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை என்று தெரிந்தது. மனம் உடைந்துபோனேன்.

அப்போதுதான் கண்ணுக்கு முன்னாலேயே இருந்த பெரிய ஆதாரம் தெரிந்தது.

பள்ளி முடித்து அந்த ஒரு வருடமும் ஊரில் இருந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பு கிர்ஸ்டன். ஐம்பது தாண்டியவர், உயரம், கட்டையாக வெட்டிய நரைத்த முடி; எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத மனுசி. டியூட்டி லிஸ்ட் போடுவது அவர்தான். அந்த லிஸ்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை பின்னேர டியூட்டி: தர்சினி. அடுத்த வெள்ளி: தர்சினி. அதற்கடுத்த சனி: தர்சினி. அந்த மெட்டவும் அதே இல்லத்தில்தான் வேலை. அவள் வெள்ளிக்கிழமைகளில் பார்ட்டிக்குப் போய் ஆடிக்கொண்டிருக்க, நான் நெல்சன் தாத்தாவுக்குப் பல்செட் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக!

காரணம் என்னவாக இருக்கும் என்று கிர்ஸ்டனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார் என்று நானே தீர்மானித்துக் கேட்காமல் விட்டேன். நேராக எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவது பந்திதான் உச்சம். "என் பெயர் தர்சினி. அதனால் என் வெள்ளிக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லை" என்று தொடங்கும். அதற்குப் பிறகு பகுதிப் பொறுப்பாளர் ஒருவர், புன்னகைக்கும் முகம், பெயரைப் பார்த்துப் பிரிக்கப்படும் டியூட்டி லிஸ்ட் என்று ஒரே இடியும் மின்னலும். எழுதியதைத் திருப்பி வாசித்து நானே அழுதேன். கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டுக்கு வாசல் மூடும். பத்து நிமிடம் இருக்க அனுப்பினேன்.

"அனுப்பீட்டியோ பிள்ளை?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"ஆர் பாத்துத் தந்தவை?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். "ஒரு டெனிஷ்காரரும் பாக்காமலோ அனுப்பினனி?"

"எனக்கு டெனிஷ் தெரியும் அப்பா. நான் இஞ்சதான் பிறந்தனான்."

"அது வேற, இது வேற" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் அங்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உலகத்தையே சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு இடத்தில் தவறவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் கோப்பி வண்டிலைத் தள்ளிக்கொண்டு நடைபாதையால் போகிறேன். கிர்ஸ்டனின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே அப்பா. நல்ல சேர்ட் போட்டு, தலை வாரி, மடியில் அம்மா பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு இருக்கிறார். கிர்ஸ்டன் கையில் இரண்டு தாள். பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அப்பா சந்தோசமாகக் கை காட்டினார்.

அச்சடித்த பிரதியை மேசை லாச்சியில் ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்த இடம் அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! கோப்பி வண்டிலைச் சுவரோரமாக நிறுத்தினேன்.

கிர்ஸ்டன் கதவைத் திறந்தார். "தர்சினி, உள்ளே வா. உன் அப்பா நேர்முகத்துக்கு முன் பிழைகளைப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது பந்தியில் சில பிழைகள் இருக்கின்றன."

இருந்தேன். செத்துப்போக வழியில்லாததால் இருந்தேன்.

"பெயரைப் போடவில்லை. ஆனால் இந்தப் பொறுப்பாளர் நான்தானே?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"நல்லது. ஒரு வருடத்தில் முப்பது வார இறுதி என்று எழுதியிருக்கிறாய். லிஸ்டை எடுத்து எண்ணினேன். முப்பத்தாறு. சரியான எண்ணிக்கையை எழுத வேண்டும்."

எனக்குச் சந்தேகம் தலைக்கேறியது. தன்மேல் வந்த குற்றச்சாட்டை எந்த மனுசி கூட்டித் தருவாள்? இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பட்டது.

"என்னவாம்?" என்றார் அப்பா ஆவலாக. "நல்லா எழுதியிருக்காமோ?"

"அப்பாவுக்கும் மொழிபெயர்த்துச் சொல்" என்றார் கிர்ஸ்டன். "அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது."

மொழிபெயர்த்தேன். என் இடியையும் மின்னலையும் அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை எல்லாம் எனக்கே டியூட்டி போடுறா... பேரைப் பாத்துத்தான் போடுறா எண்டு எழுதினனான்..." அப்பாவின் முகத்தில் பெருமை மெல்ல வடிந்தது. அவர் ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"அவர்தான் கேட்டார்" என்றார் கிர்ஸ்டன். "நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வந்தார். வெள்ளியும் சனியும் பின்னேரம் உன்னை வேலைக்குப் போடச் சொன்னார். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நெல்சன் தாத்தா போகும் நடைபாதையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய டெனிஷில் நான்கு சொல் சொன்னார்: "வெள்ளி. பார்ட்டி. குடி. நல்லமில்லை."

மாதம் ஒரு தரம் அம்மா ரோல்ஸ் பொரிக்க, அப்பா அதை இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஆட்களின் நல்ல குணம் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அந்த முப்பத்தாறு வார இறுதிகளும் ரோல்ஸ் கொடுத்து வாங்கப்பட்டவை. அழுகையா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"அப்படியானால் உங்கள்மேல் பிழையில்லை" என்று கிர்ஸ்டனிடம் சொன்னேன். கடிதம் போய்விட்டது. பொய் எழுதியவள் என்று தெரிந்தால் இடம் இல்லை. ஒரு வருடம் வீண். ஆசை வைத்த படிப்பும் போச்சு.

கிர்ஸ்டன் பென்சிலை வைத்தார்.

"பிழை இருக்கிறது" என்றார். "மெட்டவின் அப்பா வந்து இப்படிக் கேட்டிருந்தால், அவளுக்கு வயது பத்தொன்பது, அவளிடமே கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். உன் அப்பா கேட்டதும், உங்கள் ஆட்களிடம் இப்படித்தான் போலும் என்று நினைத்து, உன்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் போட்டுவிட்டேன். ஆகவே உன் பந்தி சரி. காரணத்தில்தான் பிழை."

தாளைத் திருப்பித் தந்தார். பந்தியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "36. ஏன் என்று கேட்டாயா?"

அப்பா எழும்பி ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தார். பிறகு யோசித்துத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு வைத்தார்.

மே மாதம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு ஆசிரியைகளும் ஒரு மருத்துவமாதுவும் இருந்தார்கள். உள்ளே போய் இருந்ததும் முதல் கண்டுபிடிப்பு: என் கதிரை அவர்களுடையதைவிட உயரம் குறைவு. திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள்! விடுவேனா? கீழே கையை விட்டு, உயர்த்தும் நெம்புகோலை இழுத்தேன். கதிரை உஸ்ஸென்று மூச்சுவிட்டு அடிவரை இறங்கியது. என் நாடி மேசை மட்டத்துக்கு வந்தது.

"அந்தக் கதிரை எல்லாருக்கும் அப்படித்தான் செய்யும்" என்றார் மருத்துவமாது.

அந்த உயரத்தில் இருந்துதான் மீதி நேர்முகத்தையும் கொடுத்தேன்.

"மூன்றாவது பந்தியில் எழுதியது தீர்ந்ததா?" என்று கேட்டார்கள். கேட்பார்கள் என்று தெரியும். நல்ல நல்ல பதில்கள் பாடமாக்கியிருந்தேன். கதிரையோடு அவையும் இறங்கிவிட்டிருந்தன.

"அது அப்பா செய்தது" என்றேன்.

மூவரும் பேனையை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்: ரோல்ஸ், கண்ணாடி அறை, முப்பத்தாறு. கிர்ஸ்டன் தன் பிழையைத் தானே எடுத்துச் சொன்னதையும் சொன்னேன். கேட்காமலே அப்பாவின் கோட்டாக் கதையும் வந்துவிட்டது. ஏன் இல்லை என்று ஒருவரும் சொல்லாததால் அந்த மனுசன் முப்பது வருடமாக எல்லாரையும் சந்தேகப்படுகிறார் என்றேன். எனக்கும் அதே பழக்கம். கொப்பி நிறைய எழுதினேன், ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

"இனி?" என்றார் மருத்துவமாது.

"இனிக் கேட்பேன். இந்தக் கதிரையை எப்படி உயர்த்துவது?"

யூலை முடிவில் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. அம்மா சாமிப்படத்தடியில் வைத்தார். அப்பா அதை அங்கிருந்து எடுத்து, கண்ணாடி போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்னத்துக்கு எடுத்தவை?" என்றார். "சும்மா எடுக்கமாட்டினமே."

கிர்ஸ்டன் இப்போது ஓய்வில். எங்கள் வீட்டு விசேசங்களுக்கு வருவார். என் மகள், தம்பிக்குப் பெரிய துண்டு கேக் போய்விட்டது என்று சிணுங்கினால், "எண்ணிப் போட்டு கிர்ஸ்டனிட்டைக் காட்டு" என்று என் கணவர் சொல்வார். வீடே சிரிக்கும். அப்பாதான் எல்லாரிலும் கூடச் சிரிப்பார்.

போன வருடத்திலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நானும் இருக்கிறேன். முதல் நாள் போய்ச் செய்த முதல் வேலை, எதிர்க் கதிரையைச் சரிபார்த்தது. பின்னேரம் அப்பா எனக்குப் போன் எடுத்தார். விண்ணப்பித்தவர்கள் ஆர், எவர் என்று நான் சொல்லக்கூடாதென்று அவருக்குத் தெரியும்.

"ஆரும் தங்களுக்கு அநியாயம் நடந்ததெண்டு எழுதியிருக்கினமோ?" என்றார்.

"எழுதுவினம் அப்பா."

"நம்பு. ஆனால் முதல்ல தகப்பனை விசாரி" என்றார். சிரித்து முடித்தும் போனை வைக்கவில்லை.

"பிள்ளை, இடம் குடுக்காத ஆக்களுக்கு ஏனெண்டு ஒரு கடிதம் போடுவியளோ?"

"போடுவம் அப்பா."

"போடு" என்றார். "அனுப்ப முதல் கிர்ஸ்டனிட்டை ஒருக்காக் காட்டு."