பல்லில் ஒரு லீக்கேஜ்

"டக்!"

வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த பிளம்பரின் தாடை அப்படியே நின்றது. சத்தம் தெருவிலிருந்தும் வரவில்லை, மாடி வீட்டிலிருந்தும் வரவில்லை. அவர் வாய்க்குள்ளிருந்து வந்தது.

நாக்கு பதறிப்போய்த் தேடியது. பல் டாக்டரம்மா போன வாரம் பொருத்திய புதுக் கடைவாய்ப் பல்லின் உச்சியில் ஒரு ஓட்டை. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு.



தாடை எலும்புக்குள் உலோக முளை ஒன்றை இறக்கி, அதன் தலையில் பல் மாதிரியே இருக்கும் கேப்பை வைத்து, குட்டித் திருகாணியால் முறுக்கியபோதே டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கேப்பும் முளையும் சேரும் இடம் இறுக்கமாக இருக்கும்வரை ராஜா மாதிரி மெல்லலாம். அங்கே மயிரிழை இடுக்கு விழுந்தாலும் போச்சு. கிருமிகள் உள்ளே இறங்கிக் குடித்தனம் நடத்தும். ஈறு வீங்கும், எலும்பு அரிக்கும், கடைசியில் முளையையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்கு அது வெறும் அறிவுரை. பிளம்பருக்கோ லீக்கேஜ் என்றால் என்னவென்று தெரியும். இடுக்கு என்று ஒன்று இருந்தால் தண்ணீரே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும், கிருமிக்குச் சொல்லவா வேண்டும்? தோண்டுவதென்றால் மறுபடியும் மரத்துப்போக வைக்கும் ஊசி. போன தடவை அந்த ஊசியைப் பார்த்த மாத்திரத்திலேயே நாற்காலியிலிருந்து சரிந்தவர் அவர்.

ஊரார் லீக்கையெல்லாம் அடைக்கிறோம், நம்ம லீக்கை நாமே அடைக்க முடியாதா என்று தோன்றியது.

மனைவிக்குத் தெரிந்தால் காதைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போய்விடுவாள். வேலைப் பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலில் லைட் எரிந்தால் சந்தேகம் வரும் என்று அதையும் போடவில்லை. சுவருக்குள் ஒளிந்திருக்கும் குழாயையே தடவிப் பார்த்துக் கழற்றுகிற கை, ஒரு பல்லுக்கா அசரும்?

கம்பியை விட்டு ஓட்டையைக் குடைந்தார். பஞ்சு போல ஏதோ வந்தது. கடலைத் தோல்தான் என்று உதறித் தள்ளினார். அடியில் திருகாணியின் தலை தட்டுப்பட்டது. சும்மா விட்டிருக்கலாம். திருகாணியைத் தொட்டுவிட்டு முறுக்காமல் விடுகிற பிளம்பர் இன்னும் பிறக்கவில்லை. இருப்பதிலேயே சின்னத் திருகுச் சாவியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். அடுத்தவர் வீட்டுக் குழாயில் எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த வாய்க்குள் எது வலம், எது இடம் என்று யார் கண்டது?

கேப் ஆட ஆரம்பித்தது.

எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதே மறந்துவிட்டதால் மறுபடி திருப்ப தைரியம் வரவில்லை. பையைத் துழாவினார். குழாய் மரையில் சுற்றுகிற டேப் சுருள் ஒன்று கையில் பட்டது. ஒரு துண்டு கிழித்து உருட்டி ஓட்டைக்குள் திணித்துவிட்டு வாயை மூடினார். வாய் மூடவில்லை. கேப் எம்பி நின்று எதிர்ப் பல்லில் இடித்தது.

கதவைத் திறந்தால், எதிரே மனைவி.

"என்னங்க, வாய் ஏன் கோணிக்கிட்டு இருக்கு?"

"ஒங்ஙுவில்ல."

பேச்சும் குழறுவதைக் கேட்டதும் அவள் பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வரவழைத்துவிட்டாள். அங்கே போனால் எத்தனை ஊசியோ என்று நடுங்கிப்போன பிளம்பர், வழியெல்லாம் பல்லைச் சுட்டிக்காட்டி, வண்டியைத் தன் வாயாலேயே, அதாவது திறந்த வாயாலேயே, டாக்டரம்மாவிடம் திருப்பிவிட்டார்.

டாக்டரம்மா வாய் மூடாமலிருக்க ஒரு ரப்பர் கட்டையைச் செருகி, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்தார். இடுக்கியை விட்டு ஓட்டையிலிருந்து ஒரு துண்டை உருவினார். அதைத் தட்டில் போட்டார்.

"திருகாணிக்கு மேல டேப் வெச்சு அடைச்சிட்டுத்தான் சிமெண்ட் பூசுவோம்மா," என்றார் மனைவியிடம். "போன வாரம் வெள்ளை வெளேர்னு வெச்சேன். பாருங்க, மஞ்சளா ஆயிடுச்சு. கேப்பும் ஆடுது. இடுக்கு வழியா கிருமி உள்ள இறங்கியிருக்கு."

பிளம்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். டாக்டரம்மா வைத்ததாக நினைப்பது மதியம் அவர் திணித்தது. மதியம் திணித்த வெள்ளை டேப் சாயங்காலத்துக்குள் மஞ்சளாகிவிட்டதென்றால், உள்ளே கிருமி ஒரு ஊரே கட்டியிருக்க வேண்டும். உண்மையைக் கொட்டிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"ஆ… ஆ…"

"வலிக்குதா? பொறுத்துக்குங்க. எலும்பு அரிக்கிறதுக்குள்ள முளையையே எடுத்துடலாம்." டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். விளக்கு வெளிச்சத்தில் அதன் முனை மின்னியது. ஊசி போடுவதற்கு முன்பே பிளம்பருக்குக் கால் இரண்டும் மரத்துப்போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தட்டில் கிடந்த மஞ்சள் துண்டை மனைவி குனிந்து பார்த்தாள். இரண்டு விரலால் எடுத்தாள். பிரித்து, இழுத்துப் பார்த்தாள்.

"ஊசியைக் கீழ வைங்க டாக்டரம்மா. இந்த மஞ்சக் கிருமி இவரு பையில ரோல் ரோலாக் கெடக்கு, கேஸ் பைப்புக்குச் சுத்துற டேப்பு."