கரடிக்கு வைத்த காது

குழந்தைச் சட்டையின் நெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

ஒரு சட்டை என்றால் கழற்றி எறிந்துவிடலாம். உலர்த்தும் கம்பியில் வரிசையாகத் தொங்கிய அத்தனை மஞ்சள் சட்டையிலும் அவரேதான். கக்கூஸைச் சிம்மாசனமாக்கி, தலையில் கிரீடம் வைத்து, பெரிய பூட்டைச் செங்கோல் போலப் பிடித்து, கழுத்தில் டோக்கன் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜம்மென்று இருந்தார். மீசையில் மை இன்னும் காயவில்லை.

மசி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். படம் அச்சு அசலாக விழுந்திருந்தது. வரைந்தவனே அவன்தானே.

அந்தச் சட்டைக் கம்பெனியில் அச்சு மேஜைக்கு ஃபிரேம் செய்து கொடுப்பது அவன் வேலை. மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, பூச்சுப் பூசி, படத்தை அதில் இறக்குவான். பூச்சு இல்லாத இடம் வழியாக மை இறங்கித் துணியில் படம் விழும். நகக்கண்ணில் ஏறிய மை எந்த சோப்புக்கும் போகாததால் அவனுக்கு மசி என்று பெயர் வந்து, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

தையல் கூடம் முழுவதற்கும் ஒரே கக்கூஸ், ஒரே சாவி. சாவியை உள்ளங்கையைவிடப் பெரிய பலகையில் கட்டி, கழுத்தில் மாட்டக் கயிறும் கோத்து, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் டோக்கன். மாடு மணி கட்டிக்கொண்டு போகிற மாதிரி அதை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள். மசியின் தங்கை அங்கே காலர் தைப்பவள். போக முடியாது என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டு, கடைசியில் சிறுநீரில் ரத்தம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த அன்றைக்கே, காலைப் பின்னிக்கொண்டு டோக்கன் வரிசையில் நின்றாள். அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் வரைந்த படம் இது.

வரைந்தது சங்க நோட்டீஸுக்கு. எந்த அச்சகமும் கம்பெனிக்குப் பயந்து அடித்துத் தர மாட்டேன் என்றதால், நாமே அடிப்போம் என்று மசி இங்கேயே ஒரு ஃபிரேம் போட்டு, உடைந்த சட்டங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். சாயங்காலம் வெளியே கடத்திவிடலாம் என்று கணக்கு.

ஒளித்த ஃபிரேம் இப்போது அச்சு மேஜையில் கிடந்தது. மை ரப்பரை இழுத்துக்கொண்டிருந்த ஆளுக்கு ரப்பர் என்றே பெயர்.

"ரப்பரண்ணே, நிறுத்துங்க! இது எந்த ஃபிரேம்?"

"கரடி."

"இது கரடியா?"

"எழுதியிருக்குல்ல."

சட்டத்தின் ஓரத்தில் நீலச் சாக்பீஸால் 'கரடி' என்று எழுதியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பலூன் பிடித்திருக்கும் கரடிதான் அன்றைய ஆர்டர். பழைய சட்டம், யாரோ எப்போதோ எழுதியதைத் துடைக்காமல் விட்டுத் தொலைத்தோமே என்று மசி தலையில் அடித்துக்கொண்டான்.

"எழுதியிருந்தா? படத்தப் பாக்க மாட்டீங்களா?"

"பாக்குறது உன் வேல. இழுக்குறது என் வேல. ரெண்டையும் நானே பண்ணா ரெண்டு சம்பளம் குடுப்பானா?"

"குடுங்கண்ணே, வல கிழிஞ்சிருக்கு."

"கிழிஞ்சா ஒழுகும். ஒழுகல. இன்னிக்கு வாங்குற கம்பெனி இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க. அதுக்குள்ள முடிக்கலன்னா மேனேஜர் என் தலைய எடுத்துருவாரு. தள்ளு."

தலை! மசிக்குப் பொறி தட்டியது. ரப்பர் மை ஊற்றக் குனிந்த நேரத்தில் வலைக்கு அடியில் கைவிட்டு, மேனேஜர் முகம் இருந்த இடத்தில் டேப்பை ஒட்டிவிட்டான்.

அடுத்த சட்டையில், தலையில்லாத ஒரு முண்டம் கக்கூஸில் உட்கார்ந்திருந்தது. முன்பாவது கேலிப்படம். இப்போது கொலை கேஸ்.

ரப்பர் நிறுத்திவிட்டார். "கரடிக்குத் தல எங்கடா?"

"இப்ப மட்டும் படத்தப் பாக்குறீங்க?"

"பாக்கல. மை கம்மியா இறங்குச்சு, அதான் சந்தேகம்." சொல்லிவிட்டுத் தொண்டையைத் திறந்தார். "அக்கா! டோக்கனக்கா!"

டோக்கன் அக்கா என்றால் கூடமே மூச்சை அடக்கும். சூப்பர்வைசர். ஆணியும் டோக்கனும் அவள் பொறுப்பு. பழுதான துணியில் கோடு போட எந்நேரமும் கையில் ஒரு சாக்பீஸ். மேஜையில் கழுத்து வரை நிரம்பிய தண்ணீர் பாட்டில். அதை அவள் குடித்து யாரும் பார்த்ததில்லை. இரக்கத்துக்கே பல்லைக் கடிக்கிற ஜாதி என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

அக்கா சட்டையை வாங்கினாள். கம்பியில் தொங்கியவற்றையும் ஒரு முறை பார்த்தாள். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"தல இல்லாத கரடிய எந்தப் பிள்ள போட்டுக்கும்? தலைய வை."

"அக்கா, அது வந்து..."

"வைன்னா வை. வாயாடாத."

போய்விட்டாள். அவளுக்கு மேனேஜரை அடையாளம் தெரியவில்லை என்று மசிக்கு உயிர் வந்தது. அப்படியானால் இது கரடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். டேப்பை உரித்தான். ஊசியால் பூச்சைச் சுரண்டி, தலையின் இரண்டு பக்கமும் உருண்டையாக ஒவ்வொரு காது வைத்தான். கரடிக் காது. பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வரக் கூடாது.

வரவில்லைதான். மேனேஜருக்கு உச்சி வழுக்கை. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சுருட்டை முடி குப்பென்று நிற்கும். மசி படம் வரையும்போது மறந்துபோன ஒரே அடையாளம் அதுதான். அதையும் இப்போது சேர்த்தாகிவிட்டது.

முதல் வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். சட்டை கைமாறியது. "ஐயோ, நம்மாளு!" என்று ஒரு குரல். "முடிய பாருடி, அப்படியே!" என்று இன்னொன்று. சிரிப்பு மெஷினுக்கு மெஷின் தாவி, மூன்றாவது வரிசையில் அவன் தங்கையிடம் போய்ச் சேர்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, சிரிக்க வைக்காத, என்னால அடக்க முடியல" என்று கெஞ்சினாள்.

வெட்டும் பிரிவிலிருந்து அவள் புருஷன் ஓடி வந்தான். சங்கச் செயலாளர் அவன்தான். ஆயிரம் பேர் நடுவில் முழங்குகிறவனுக்கு, சட்டையைப் பார்த்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

"மச்சான், என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! நோட்டீஸ் அடின்னா துணியில அடிச்சிருக்க?"

"நான் அடிக்கல மாப்ள, அதுவா அடிச்சுக்கிச்சு!"

"சீல் போட்ட பெட்டி இருக்குல்ல, செக் பண்ணி முடிச்சது? அதுல திணி. அத ஒருத்தரும் பிரிக்க மாட்டாங்க."

கம்பியில் காய்ந்தவற்றை வாரி, சுவரோரப் பெட்டி ஒன்றில் திணித்து, மேலே டேப் ஒட்டி நிமிர்ந்தபோது மேனேஜர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

"அந்தம்மா வந்தாச்சு! எல்லாரும் சிரிச்ச முகமா இருங்க. டோக்கன் கீக்கன்னு எவனாவது வாயத் தெறந்தா, நாளைக்கு இந்த வாசல மறந்துரணும்!"

போகிற போக்கில் ஆணியிலிருந்த டோக்கனை உருவினார். பேன்ட் பைக்குள் நுழைத்துப் பார்த்தார், பலகை நுழையவில்லை. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாடிப்படி மறைவுக்குப் போனார். திரும்பி வரும்போது கை காலி. கோட்டுப் பொத்தான் மேலே வரை போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். அந்தப் புழுக்கத்துக்கு மேனேஜர் கையாலேயே சோடா உடைத்துக் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. அந்தம்மாவும் வாங்கிக் குடித்தபடி பெட்டிகள் பக்கம் வந்தார்.

"ஏதாவது ஒண்ணப் பிரிச்சுக் காட்டுங்க."

"எந்தப் பெட்டி வேணா பாருங்க மேடம்" என்றாள் டோக்கன் அக்கா. சொல்லும்போது அவள் கை ஒரு பெட்டியின் மேல் இருந்தது.

"சரி, அதையே பிரிங்க."

மசி கண்ணை மூடிக்கொண்டான். டேப் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு, அந்தம்மா சிரிக்கிற சத்தம்.

"என்ன சார் இது? கக்கூஸ்ல உக்காந்திருக்கு?"

மேனேஜர் சட்டையை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். கூடமே அவர் முகத்தைப் பார்த்தது. அவருக்கு மட்டும் அந்த முகத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணாடி பார்க்காத மனுஷன் இல்லை. ஆனால் அவர் கண்ணாடியில் வேறு யாரோ தெரிந்திருக்க வேண்டும்.

"இது... சின்னப் பிள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் கத்துக்குடுக்குற கரடி மேடம். புது டிசைன்."

"நல்லாருக்கே! கழுத்துல என்ன பலக?"

மேனேஜர் மசியைப் பார்த்தார். "ஏம்ப்பா, நீதான ஃபிரேம் போட்ட? சொல்லு."

பதக்கம் என்று சொல்லியிருக்கலாம். நன்றாகப் பழகிய கரடிக்குப் பரிசு என்று முடித்திருக்கலாம். வேலையும் தப்பித்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அப்போது மூன்றாவது வரிசையில் தங்கை தெரிந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, முட்டியை முட்டியோடு இறுக்கி, காலியாக இருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோக்கன்ங்க" என்றான் மசி.

"டோக்கனா?"

"கக்கூஸ் சாவி அதுலதான் கட்டியிருக்கும். இத்தன பேருக்கும் அது ஒண்ணுதான். அதக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போகணும். அது கிடைக்காதுன்னு இங்க ஒருத்தியும் தண்ணி குடிக்கிறதில்ல. இது கரடியும் இல்லீங்க. நான் வரஞ்ச படம். சங்கத்துக்கு வரஞ்சேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"பொய் மேடம்!" மேனேஜர் குதித்தார். "அப்படி ஒரு பலக இந்தக் கம்பெனியிலயே கிடையாது. கக்கூஸ் எந்நேரமும் தெறந்துதான் கிடக்கும். யார் வேணா, எப்ப வேணா!"

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அந்தம்மா. "உங்க சோடாவக் குடிச்சதுலேருந்து எனக்கே போகணும். மாடியில மோட்டார் கருகி, கக்கூஸ்ல தண்ணி இல்லன்னு சொன்னாங்க. எங்க இருக்கு?"

கூடம் மொத்தமும் விரல் நீட்டி வழி காட்டியது. அந்தம்மா விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார். பூட்டு ஆடியது.

"பூட்டியிருக்கே! சாவி?"

மேனேஜர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சார், சாவி எங்க? சீக்கிரம்!"

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மேனேஜர் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்தார். டையும் கயிறும் பின்னிக்கொண்டு பலகை வெளியே வந்து தொப்பை மேல் டொக்கென்று விழுந்தது. கழுத்திலிருந்து கழற்ற முடியவில்லை. சாவியை மட்டும் அந்தம்மாவே அறுக்காத குறையாகப் பிடுங்கிப் பூட்டைத் திறந்து, பூட்டை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே பாய்ந்தார். மேனேஜர் அப்படியே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கழுத்தில் டோக்கன். கையில் பூட்டு. இரண்டு பக்கமும் குப்பென்று முடி.

கூடம் சட்டையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி சட்டையைப் பார்த்தது. பிறகு எழுந்த சிரிப்பில் ஊசி டப்பாக்கள் அதிர்ந்தன. வெளியே வந்த இன்ஸ்பெக்டரம்மாவும் சட்டையையும் மனுஷனையும் ஒரு தடவை பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தப் பூட்டு இன்னியோட போகணும். போனப்புறம் சொல்லுங்க, கையெழுத்துப் போட வர்றேன்."

அவர் படியிறங்கிப் போனதும் மேனேஜர் எழுந்தார். "மசி! நாளையிலேருந்து நீ வர வேணாம்!"

அவன் தங்கை எழுந்து நேராகக் கக்கூஸுக்குப் போனாள். வெறுங்கழுத்தோடு போய், சாவகாசமாகத் திரும்பி வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து நெஞ்சில் ஊக்கால் குத்திக்கொண்டாள்.

"அண்ணன் வரலன்னா நாளைக்கு நானும் இல்ல" என்றாள்.

பக்கத்தவள் ஒன்றை எடுத்தாள். அடுத்தவள் இரண்டு எடுத்து ஒன்றைப் பின்னால் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாக மேனேஜர்களாக நின்றார்கள். மெஷினில் கால் வைக்க ஒருத்தியும் உட்காரவில்லை. குரல் திரும்பக் கிடைத்த மாப்பிள்ளை, வாசல் கூட்டத்துக்கு வைத்திருந்த முழக்கத்தை அங்கேயே எடுத்து விட்டான்.

"என்னடா இது! யாரு இதெல்லாம்!" என்று மேனேஜர் ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்து அலறினார்.

ரப்பரும் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தார். "கரடிங்க சார். எழுதியிருந்துச்சு."

மேனேஜர் ஒரு சட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கை தானாக மேலே போய்க் காதோர முடியைத் தொட்டது. பூட்டை மேஜையில் வைத்தார். "வேலையப் பாருங்க... அவனும் பாக்கட்டும்" என்று முனகிவிட்டு, கழுத்திலிருந்த பலகையோடு மாடிப்படி ஏறினார்.

கூச்சல் அடங்கிய பிறகுதான் மசிக்கு டோக்கன் அக்காவின் நினைவு வந்தது. பாவம், அவள் கை வைத்த பெட்டிதான் பிரிபட்டது. மேனேஜர் கோபமெல்லாம் இனி அவள் தலையில்தான் விடியும். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனான்.

அக்கா பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து வரை இருந்த தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கி அடியைத் தொட்டது. காலி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு வாயைத் துடைத்தாள். உதட்டில் நீலக் கோடு ஒன்று விழுந்தது. விரலெல்லாம் நீலச் சாக்பீஸ் தூள்.

மசியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கரடின்னு நான் எழுதி வச்சது ரப்பருக்குத் தம்பி, அத நம்பி நீ எதுக்குக் காது வரஞ்ச?"