தண்ணீர் கேட்காத இயந்திரம்

வாசலில் வந்து நின்றவரின் கையில் இரண்டு காலி கேன்கள். வாய் நிறைய மாவா என்கிற புகையிலைப் பாக்கு. அது சிந்தாதபடி மோவாயைத் தூக்கி, கேன்களை ஆட்டிக் காட்டி, "தண்ணி" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

பட்டறையைக் கவனித்துக்கொள்ளும் நிகுஞ்ச் சட்டென்று எழுந்து கைகூப்பினான். நரோலில் சாயப்பட்டறைகளுக்கு நடுவே காலி கேனோடு ஒருவர் நுழைந்தால், கழிவுநீரைப் பிடித்துச் சோதிக்க வந்த ஆபீசர் என்றுதான் அர்த்தம். தேறினால் அனுமதி, தேறாவிட்டால் பூட்டு. அன்றைக்கு வரப்போகிறார் என்று தகவலும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், நிகுஞ்சிடம் கழிவுநீரே இல்லை. மின்சாரம் பாய்ச்சிய காற்றிலேயே பருத்தித் துணியைப் பதப்படுத்தும் பிளாஸ்மா இயந்திரத்தை, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முதலாளி ஹன்சாபென்னை வாங்க வைத்தவன் அவன்தான். துணி உலர்ந்தே போகும், உலர்ந்தே வரும். பட்டறையின் தண்ணீர்க் குழாயைக்கூடப் பெருமையாகப் பிடுங்கி எறிந்திருந்தான். அனுமதி கிடைக்காவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும், கூடவே அவனும்.

"இங்க தண்ணியே கிடையாது, சாகேப்" என்றான்.

வந்தவர் நம்பவில்லை. அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஊதா வெளிச்சம் நெளிந்தது. கேன்களைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். நெருப்பா என்று சைகையில் கேட்டார். இல்லை, காற்றுதான் ஒளிர்கிறது என்றான். அப்படியானால் துணி ஏன் கருகவில்லை என்று மறுபடி சைகை. இவ்வளவு ஆசையாகக் கேள்வி கேட்கும் ஆபீசரை நிகுஞ்ச் கண்டதே இல்லை.

உற்சாகம் பிடித்துக்கொண்டது. பதப்படுத்தாத துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். பருத்தியின் இயற்கை மெழுகு தடுக்க, சொட்டு உருண்டு நின்றது. இயந்திரத்திலிருந்து வந்த துணியில் விட்டான். சொட்டு காணாமல் போனது. வந்தவர் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொட்டுக் குப்பியை ஏக்கமாகப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"நாள் பூரா எங்களுக்குச் செலவாகிற தண்ணியே இவ்வளவுதான், சாகேப்."

அவர் பெருமூச்சு விட்டுக் கேனை மறுபடியும் நீட்டினார்.

நிகுஞ்ச் ஹன்சாபென்னின் அறைக்கு ஓடினான். மொறுமொறு காக்ரா ரொட்டியைக் கடித்தபடி விஷயத்தைக் கேட்ட ஹன்சாபென் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழிவுத் தண்ணியே இல்லேன்னா இந்த ஏரியாவுல யாரு நம்புவா? பூமிக்கடியில திருட்டுக் குழாய் போட்டிருக்கோம்னு எழுதிட்டுப் போயிடுவார். எதையாவது குடுத்து அனுப்பு, போ."

பானையில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் ஒரு கேனில் ஊற்றினான். வந்தவர் முகம் மலர்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அந்த நேரம் பார்த்து நிகுஞ்சுக்குப் புத்தி வேலை செய்தது. இவ்வளவு தெளிந்த தண்ணீரைக் கழிவுநீர் என்று கொடுத்தால், நல்ல தண்ணீரைக் கலந்து ஏமாற்றினான் என்று அதற்கு வேறு வழக்குப் போடுவார்கள். கேனைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தான். மாவாவையும் மீறி அந்த மனிதரிடமிருந்து ஒரு முனகல் வந்தது.

பக்கத்துச் சாயப்பட்டறை விபுல்பாயிடம், மதில் மேலாக எக்கி, கொஞ்சம் கழிவுநீர் கேட்டான். அதைக் கேட்டு வாங்கும் ஒருவனை விபுல்பாய் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதற்கு, ஏன் என்று துருவிவிட்டு, தாராளமாக ஒரு வாளி கொடுத்தார். நல்ல தண்ணீரில் துளி கலந்து கொடுப்பதுதான் நிகுஞ்சின் திட்டம். ஆனால் நல்ல தண்ணீர் முழுவதும் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கேன் நிறையச் சிவப்பாகவே ஊற்றினான்.

வந்தவர் முகர்ந்து பார்த்தார். நிகுஞ்சையும் பார்த்தார்.

"நிஜமா இதுவா?"

"சத்தியமா எங்க யூனிட் தண்ணிதான், சாகேப்."

அவர் கேன்களைத் தூக்கிக்கொண்டு, ஊதா வெளிச்சத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். இயந்திரம் பிழைத்தது என்று நிகுஞ்ச் அப்பாடா என உட்கார்ந்தான். பொய் சொன்னது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் உண்மையை நம்ப ஆளில்லாத ஊரில் அவன்தான் என்ன செய்வான்?

தெருமுனை டீக்கடை ரண்சோட்பாய் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார்.

"நிகுஞ்ச்பாய், என் கடை வாசல்ல ஒரு கார் சூடாகி நிக்குது. ரேடியேட்டருக்குத் தண்ணி கேக்கப் போன டிரைவர், உங்க யூனிட் தண்ணின்னு சிவப்பா ஒரு கேன் கொண்டாந்தார், அதைப் பார்த்துட்டு உள்ள உக்காந்திருந்த ஆபீசர் சாகேப் உங்க அட்ரஸ் கேக்குறார்."