ஊக்க ஊற்றுத் திறப்பு விழா

குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு அலுவலகம் என்றால் அங்கே இருப்பவர்கள் குடிநீர்க் குழாய்களைப் பராமரிப்பார்கள் என்று பொதுமக்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அங்கே எழுத்தராக இருப்பவன் என்ற முறையில் அதைத் திருத்துவது என் கடமை.

சென்ற ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் சோர்ந்து காணப்படுவதாகவும், சோர்ந்த மனத்தினால் நல்ல பராமரிப்பு இயலாதென்றும், ஆகவே உலகெங்கும் நிகழும் படைப்பாற்றல் மிக்க, உள்ளத்துக்கு ஊக்கமளிக்கும் அதிசயம் ஏதேனும் ஒன்றை ஒவ்வொருவரும் நாள்தோறும் இணையத்தில் கண்டெடுத்துச் சக ஊழியர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. இதற்குப் 'படைப்பூக்கக் கண்டெடுப்புப் பகிர்வு' என்று பெயர். வாய் வலித்ததால் நாங்கள் 'பகிர்வு' என்று சுருக்கிக்கொண்டோம்.

எங்கள் பொறியாளர் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். காலையில் எல்லோரும் வந்ததும் கூட்ட அறையில் திரையை இறக்கி விளக்கை அணைத்துவிடுவார். பென்சில் முனையில் யானை செதுக்கியவர், பழைய டயர்களை அடுக்கி வீடு கட்டியவர், ரொட்டித் துண்டில் மலைத்தொடர் வரைந்த பெண்மணி, மூக்கால் பியானோ வாசிக்கும் இரட்டையர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து போவார்கள். ஒவ்வொன்றும் முடிந்தவுடன், அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன என்று எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஸ்டோர் கீப்பர் எதைப் பார்த்தாலும் "விடாமுயற்சி" என்பார். ஒருநாள் அலமாரியிலிருந்து பூனை விழுந்ததைக் காட்டினார்கள். அதற்கும் அதையே சொன்னார். பொறியாளர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரிதான் என்றார்.

பகிர்வு முடியும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பிட்ட பிறகு மறுநாளைக்குக் கண்டெடுக்க வேண்டும். ஒருவர் காட்டியதை இன்னொருவர் காட்டினால் விளக்கம் கேட்பார்கள் என்பதால் தேடல் கடுமையாகவே இருந்தது. இதில் ரொம்பவும் நொந்துபோனவர் எங்கள் ஃபிட்டர். ஒழுகுகிற குழாய் எதுவானாலும் உட்கார்ந்த இடத்தில் அடைத்துவிட்டு எழுந்திருக்கக்கூடிய மனிதர். பாவம், ஸ்பேனரைப் பூட்டி வைத்துவிட்டு, ஜன்னலோரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாள் முழுக்க ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு அகப்பட்டதெல்லாம் செருப்பு விளம்பரம்தான். அதையும் பொறுமையாகக் கடைசிவரை பார்த்துவிட்டு, இதில் ஊக்கம் எங்கே வருகிறது என்று என்னிடம் கேட்பார்.

இப்படி அலுவலகத்தில் ஊக்கம் பெருகிக்கொண்டிருந்த நாளில் என் அக்கா கடை வாசலில் குழாய் உடைந்தது.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில், சாலையைவிட ஒரு படி தாழ்ந்த கடை. ஒரு மருத்துவமனைக்குச் செவிலியர் சீருடை தைத்துக்கொடுக்கும் வேலை அப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. இதை நம்பி இன்னொரு மெஷின் வாங்கி, உதவிக்கு ஒரு பெண்ணையும் வைத்திருந்தாள். அத்தனையும் வெள்ளைத் துணி. பொட்டுக் கறை இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பிவிடுவோம், அடுத்த வேலையும் கிடையாது என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரம் பார்த்துச் சாலை நடுவில் விரிசல் விட்டு, கலங்கல் தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பி, படியிறங்கிக் கடைக்குள் வந்துவிட்டது.

அக்கா எனக்கு ஃபோன் செய்து, நீ குழாய் ஆபீஸில்தானே இருக்கிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியானால் வந்து அடையுங்கள் என்றாள். பகிர்வைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். அவள் பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு அவளே நேரில் வந்துவிட்டாள்.

அவள் வந்தபோது அறை இருட்டாக இருந்தது. பொறியாளர் அன்போடு வரவேற்று நாற்காலி போடச் சொன்னார்.

"வாங்கம்மா. உங்க கண்டெடுப்பு என்ன?"

"கடை வாசல்ல குழாய் உடைஞ்சு தண்ணி பீறிட்டு வருது சார்."

பொறியாளர் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா. எந்த நாட்டுல?"

"இங்கதான் சார், பின் தெருவுல."

அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. "உள்ளூர் சமாச்சாரம் மனசுக்கு ஊக்கம் தராதும்மா. வேற நல்லதா ஏதாவது கிடைச்சா நாளைக்குக் கொண்டு வாங்க."

ஒரு கண்டெடுப்பு முடிந்துவிட்டதாக நினைத்து ஸ்டோர் கீப்பர் "விடாமுயற்சி" என்றார்.

சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அக்காவும் அந்தப் பெண்ணும் துணியையெல்லாம் வெட்டுமேசை மேல் ஏற்றிவிட்டு வாளியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா இன்னொரு வாளியை என் கையில் திணித்தாள். உங்கள் பொறியாளர் காதில் எதுதான் ஏறும் என்று கேட்டாள். வீடியோவாக இருந்தால் ஏறும் என்றேன். அப்படியானால் வீடியோவாக எடுத்துத் தொலை என்றாள்.

எடுத்தேன். குத்துக்காலிட்டு, ஃபோனைத் தரையோடு தரையாக வைத்து, துளித்துளியாகத் தண்ணீர் எழும்பி விழுவதை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்தேன். மேலே 'உடைந்த இடத்திலிருந்தே ஊற்று பிறக்கிறது' என்று எழுதினேன். எனக்கே நெஞ்சு கரைந்துவிட்டது. பொறியாளர் நெகிழ்ந்து உட்காரும் சமயத்தில் விஷயத்தைச் சொல்லி ஃபிட்டரை அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம்.

பொறியாளர் நெகிழத்தான் செய்தார். கைக்குட்டையே எடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், 'அயல்நாட்டுத் தெரு ஒன்றில்' என்று ஒரு வரி சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அது பின் தெரு என்று சொன்னேன். அவர் ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'அயல்நாட்டவரின் அழகுணர்ச்சி நம்மைத் தலைகுனிய வைக்கிறது' என்று தலைமை அலுவலகத் தலைவரே பதில் போட்டிருந்தார்.

"தலைவரே வெளிநாடுன்னு ஒத்துக்கிட்டார்ப்பா. இனிமே அது பின் தெருன்னா அவர் சும்மா தலை குனிஞ்ச மாதிரி ஆயிடும்," என்றார் பொறியாளர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அயல்நாட்டில் உள்ளதுபோல் எல்லாக் கோட்டங்களிலும் ஓர் 'ஊக்க ஊற்று' அமைக்கப்பட வேண்டுமென்று ஆணை வந்தது. உடனே குழு ஒன்று அமைக்கப்பட்டது. வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அது ஊரெல்லாம் அலைந்து, அசலுக்கு மிக நெருக்கமான அமைப்பு அக்கா கடை வாசலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. தற்செயலான இந்த ஒற்றுமையை வியந்து ஓர் அறிக்கையும் கொடுத்தது. ஒரே குறை, வீடியோவில் தண்ணீர் இன்னும் உயரமாக எழும்புகிறது என்றார்கள். அது நான் தரையில் ஃபோனை வைத்து எடுத்ததால் வந்த உயரம். யார் கேட்டார்கள்? ஃபிட்டரை அனுப்பி ஓட்டையைப் பெரிதாக்கினார்கள்.

அக்கா வாளியோடு வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்ணே, அடைக்கக் கூப்பிட்டா வரலை. இதுக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே."

"அடைக்கிறதுக்கு ஆர்டர் இல்லம்மா," என்றார் ஃபிட்டர், தலையைத் தூக்காமல்.

சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். பெஞ்சு வந்தது. ஜோடி ஜோடியாக ஆட்கள் வந்து ஊற்றுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குழாயை அடையுங்கள் என்று அக்காவோடு சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் இன்னும் நான்கு பெஞ்சு போட்டார். ஃபோன் உறை விற்பவர் ஊற்றுப் படம் போட்ட உறை கொண்டுவந்தார். தெருவில் மூக்கைச் சிந்தியது அக்கா ஒருத்திதான். தைத்த துணிக்கு மேசையில் இடமில்லாமல் மெஷின் மேல் வைத்தாள். பிறகு தைக்க மெஷின் இல்லாமல் போயிற்று.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் ஊற்றைப் பராமரிக்க வந்த ஃபிட்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாளைய கண்டெடுப்பு தயாரா என்று விசாரித்தாள். அவர் பரிதாபமாக ஃபோனை நீட்டினார். செருப்பு.

"நீங்க குழாய் அடைக்கிறதை என் தம்பி வீடியோ எடுக்கட்டும்ணே. அதை விடவா ஒரு அதிசயம் வேணும்?"

ஃபிட்டர் கண்ணில் அத்தனை மாதம் கழித்து வெளிச்சத்தைப் பார்த்தேன். அன்று அவர் குழாயை அடைத்த அழகை நான் சொல்லி மாளாது. கையை விட்டார், துழாவினார், ஏதோ திருகினார், தண்ணீர் கட்டளைக்குக் காத்திருந்ததுபோல் நின்றுவிட்டது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும்தான்.

மறுநாள் பகிர்வில் அறையே எழுந்து நின்று கை தட்டியது. வெறும் கையால் வெள்ளத்தை நிறுத்தும் மாமனிதர் என்று தலைமை அலுவலகம் புகழ்ந்தது. சட்டைக் கையில் இருந்த முத்திரையைப் பார்த்து அவர் நம் ஆள்தான் என்று கண்டுபிடித்து, 'குழாய் அடைத்தல்: ஓர் அக அனுபவம்' என்ற தலைப்பில் எல்லாக் கோட்டங்களிலும் உரையாற்ற அவரை வண்டி வைத்து அழைத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எங்கள் கோட்டத்தில் குழாய் அடைக்க ஆள் இல்லை.

அதனாலென்ன, அக்கா கடை காய்ந்தது. இரவு பகல் பாராமல் தைத்து, தேய்த்து, மடித்து, வெள்ளை மூட்டைகளாகக் கட்டித் தரையில் வரிசையாக வைத்தாள். மத்தியானம் மருத்துவமனை வண்டி வர வேண்டியதுதான் பாக்கி.

காலையிலேயே பொறியாளர் வந்துவிட்டார். கூடவே நாங்கள் எல்லோரும். ஊக்க ஊற்றைத் திறந்துவைக்கத் தலைவர் நேரில் வருகிறார் என்று அப்போதுதான் தகவல் வந்திருந்தது. பொறியாளர் வேலிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஈரங்கூட இல்லை.

"ஊற்று எங்கப்பா?"

"அடைச்சாச்சு சார். நீங்ககூட எழுந்து நின்னு கை தட்டினீங்களே," என்றேன்.

"நான் வீடியோவுக்குத் தட்டினேன். குழாயை அடைக்க யார் சொன்னது?"

டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து கடப்பாரை கொண்டுவந்து மரியாதையோடு அவர் கையில் கொடுத்தார். தெருவே கூடி நின்றது. அக்கா ஓடி வந்தாள். மூட்டையை மேலே ஏற்றிக்கொள்கிறேன், அரை மணி நேரம் கொடுங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். தலைவர் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

பொறியாளர் தம் பணிக்காலத்தில் ஒரு குழாயைத் தொட்டது அன்றுதான். எங்கே தட்ட வேண்டும் என்று தெரியாததால் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி இறக்கினார். அது தெருக்குழாயில் படாமல், அடியில் போகும் பெரிய குழாயில் விழுந்தது. மாடி உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் ஃபோனைத் தூக்கினார்கள். காரிலிருந்து இறங்கிய தலைவரும் தூக்கினார்.

"டேய், வந்து ஒரு கை பிடிடா," என்று கடைக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்க்கா, ஒரே நிமிஷம்," என்றேன். வெயில் சரியாக விழுந்து தண்ணீரில் வானவில் தெரிந்தது. அந்த மாதிரி வெளிச்சம் மறுபடி கிடைக்காது.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்தீர்கள். இதயம் போட்டு, 'நம்ம ஊர்ல இப்படியெல்லாம் எப்போ வரும்' என்று பெருமூச்சு விட்டு, நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தீர்கள். அதில் இடது ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், வெள்ளை மூட்டை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பெண் சுழன்று சுழன்று விழுந்து எழுவாள். நடனம் பிரமாதம் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அவள்தான் என் அக்கா.