ஒப்பிட்டுப் பார்க்காத நகல்

சௌகத் அலியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வண்டியில் ஏறிப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவருக்கு எப்படி வேலை போனது என்பதை, அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற தகுதியில், முறைப்படி சொல்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைகளின் உயரத்தை அளக்க ஓர் அலுவலகம் இருந்தது. அளந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். கம்ப்யூட்டர் வைத்திருப்பது அப்போது பெரிய கௌரவம். அதன் அறைக்கு மட்டும் ஏசி உண்டு. ஆகவே அதிகாரிகள் எல்லா முக்கியமான கூட்டங்களையும் அங்கேயே நடத்தினார்கள். அதை இயக்கிய சௌகத் அலி தற்காலிக ஊழியர். அலைக் கணக்கு பத்திரமாக இருந்தால் அவரை நிரந்தரமாக்குவதாக மேலிடம் வாக்குக் கொடுத்திருந்தது.

ஒரு காலை அவர் எங்கள் அதிகாரி ஆபிரகாம் முன்னால் போய் நின்றார்.

“சார், டிஸ்க்கு கத்திகினு கீது. எப்ப வோணா பூடும். மொத்தத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்துடறேன். ஒரு வரி அடிச்சா போதும்.”

“காப்பி சரியாக இருக்கிறதென்று யார் சான்று தருவது?”

“மெசினு சரியாத்தான் எடுக்கும் சார்.”

“மெசின் கெஜட்டட் ஆபீசரா?”

இல்லை என்று சௌகத் அலி ஒப்புக்கொண்டார்.

நகல் என்றால் மூலத்தோடு ஒப்பிட்டு, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்திட வேண்டும். டிஸ்கில் மை பிடிக்காது என்பதால் உறையில் கையெழுத்திட ஆபிரகாம் பெருந்தன்மையோடு இசைந்தார். அடுத்த சிக்கல், கம்ப்யூட்டர் ஃபைல்களை அடுக்கி வைக்கும் டைரக்டரி.

“அது ஒரு பொட்டி மாதிரி சார். கட்டளையில ஒரு எழுத்து சேத்தா, உள்ள கீற பொட்டி, அதுக்குள்ள கீற ஃபைலு, எல்லாம் கூடவே வந்துடும்.”

“கேட்காததுமா வரும்?”

“வரும் சார்.”

“விதிமீறல். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நகல்.”

சௌகத் அலி ஃபைலுக்கு ஒன்றாக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். முதல் விண்ணப்பத்துக்கு ஒரு ஃபைல் நகலானது. டைப்பிஸ்ட் ஞானம்பாள் திரையில் மூலத்தை வாசிக்க, நான் நகலின் அச்சுத்தாளில் டிக் போட்டேன்.

“ஒண்ணு புள்ளி ரெண்டு.”

“சரி.”

“ஒண்ணு புள்ளி மூணு. ஏங்க, இந்தக் கடலுக்கு வேற வேலையே இல்லையா?”

“சரி.”

வெளியே அலைகள் அனுமதியின்றி வந்துகொண்டிருந்தன.

“வாசிக்க வாசிக்க டிஸ்க்கு சுத்துது அண்ணாத்த. இன்னிக்கே செத்துடும்” என்றார் சௌகத் அலி என் காதருகே. நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டார். பிற்பகலில் டிஸ்க் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. ஆபிரகாமுக்கு வேர்த்தது.

“பேஜாரு வோணாம் சார். மொத்தமும் காப்பி எடுத்துட்டேன்.”

ஆபிரகாமின் முகம் மலர்ந்தது. பிறகு சட்டம் ஞாபகம் வந்தது.

“இதை எதோடு ஒப்பிடுவது?”

“அதான் பூட்ச்சே சார். இது மட்டுந்தான் கீது.”

“அதனால்தான் இது செல்லாது.”

அனுமதியின்றி நகல் எடுத்த குற்றத்துக்காக அவர் நீக்கப்பட்டார். பணிநீக்க உத்தரவின் நகல்களை நானும் ஞானம்பாளும் வரி வரியாக ஒப்பிட்டோம். பிழையே இல்லை. ஆபிரகாம் எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

சில மாதங்களில், கடலரிப்புக்குத் தடுப்புச் சுவர் கட்ட அலைக் கணக்கு வேண்டும் என்று மேலிடம் கேட்டது. ஆபிரகாம் அந்தச் செல்லாத டிஸ்கிலிருந்து அச்செடுக்கச் சொல்லி, ‘மூலம்’ என்று முத்திரை குத்தி அனுப்பினார். மூலத்தை யாரும் எதோடும் ஒப்பிட வேண்டியதில்லை. அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த வருடமே எனக்கும் வந்தது.

அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய சுவர் இன்னும் நிற்கிறது.